பித்தளையில் எழுந்தருளிய திருமகள்

தமிழ்நாட்டு உலோகக் கலையைப் பற்றி எழுதப் புகுந்த அறிஞர் பெருமக்கள் பலரும், சோழ மன்னர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் சௌந்தரியத்தில் உள்ளம் பறிகொடுத்து, ஆடவல்லானையும் சிவகாமியம்மையையும் போற்றிப் பல நூல்கள் செய்திருக்கின்றனர், அது தக்கதே. ஆயினும், அத்திருமேனிகள் எழுந்தருளியிருக்கும் கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு சாதாரணக் குடும்பத்தின் பூஜை மாடத்தில், ஒரு சாண் உயரங்கூட இல்லாத காமாட்சி விளக்கின் பிரபையிலே, யானைகள் இரண்டு நீராட்ட அமர்ந்திருக்கும் தேவியின் உருவம் எங்கிருந்து வந்தது, எவ்வகை மக்களால் வார்க்கப்பட்டது, எவர் கையால் இத்தனை காலம் பேணப்பட்டது என்று விசாரித்தவர் மிகச் சிலரே. கோயில் விக்கிரகத்துக்குக் கல்வெட்டு உண்டு. கொடை கொடுத்த அரசியின் பெயர் உண்டு. ஆகம விதி உண்டு. இல்லத்துப் பித்தளைக்கு இவை ஒன்றும் இல்லை. அதன் சரித்திரத்தை, அதன் வடிவத்திலிருந்தும், உலோகத்திலிருந்தும், தேய்ந்த முகத்திலிருந்துமே நாம் படித்தறிய வேண்டியிருக்கிறது.

காஞ்சியிலே பத்மாசனத்தில் அமர்ந்திருக்கும் காமாட்சியம்மையின் திருக்கரங்களில் பாசமும் அங்குசமும், கரும்பு வில்லும் மலர்க் கணைகளும் விளங்குவதை அங்கு சென்று தரிசித்தவர் யாவரும் அறிவர். அப்பெயரைத் தாங்கிய நம் வீட்டு விளக்கையோ சற்று உற்று நோக்கினால், பெரும்பாலும் கரும்பும் இல்லை, கணையும் இல்லை. இரு கரங்களில் தாமரை ஏந்திக் கமலத்தில் வீற்றிருக்கும் கஜலக்ஷ்மியே அங்கு காட்சி தருகிறாள். இதனைச் சிற்பியின் பிழை என்று தள்ளிவிடுவாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உலக க்ஷேமத்தின் பொருட்டு அம்பிகை தவம் இயற்றினாள் என்னும் காஞ்சித் தல ஐதிகமும், மழையும் விளைவும் செல்வமும் அருளும் திருமகளின் புராதன வடிவமும், விளக்கேற்றும் பெண்டிரின் பக்தியிலே ஒரே சுடருக்குப் பின்னால் வந்து ஒன்றாய்ப் பொருந்திவிட்டன. சைவம் வைஷ்ணவம் என்று சமய நூலார் இட்ட எல்லைக்கோடு மாடக்குழி வரையில் வந்து சேரவில்லை. இவ்விணைப்பைச் செய்தவர் எந்த ஆசாரியரும் அல்லர், இல்லறத்தாரே என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

யானைகள் நீராட்டும் திருமகளின் வடிவம் பாரத தேசத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் அறுபடாது வந்த வடிவங்களுள் ஒன்று. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் ஸ்தூபத்தின் வேலிக் கற்களிலும், சாஞ்சியின் தோரணங்களிலும் அவள் இருக்கிறாள்; அவை பௌத்தருடைய கட்டடங்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. வடமேற்கே ஆண்ட சக மன்னன் அசிலிசெஸ் தன் வெள்ளிக் காசில் அவளைப் பொறித்தான். ஈழத்தில் அநுராதபுரம், யாழ்ப்பாணத்துக் கந்தரோடை முதலிய இடங்களில் கிடைத்த பழைய நீள்சதுரக் காசுத் தகடுகளில், ஒரு பக்கம் யானைகளுக்கு இடையே நிற்கும் லக்ஷ்மியும், மறுபக்கம் ஸ்வஸ்திகச் சின்னமும் காணப்படுகின்றன. நமது மாமல்லபுரத்து வராக மண்டபத்தில், 7-ஆம் நூற்றாண்டில், பல்லவச் சிற்பி அவளைச் சுவரிலே எழுந்தருளச் செய்து, குடத்தில் நீர் ஏந்திய பணிப்பெண்களை இருபுறமும் நிறுத்தி, மேலே யானைகளின் பெரிய தலைகளை வடித்திருக்கிறான். அச்சிற்பத்தில் வேழம் ஒன்று குடத்தைக் கவிழ்க்கும் பாவனையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்க்கு, யானை என்பது மேகமே என்று முன்னோர் கருதியதன் உண்மை தானே விளங்கும். அதன் பின்னர் கோயில் வாயில்களின் மேலும், செட்டிநாட்டு மாளிகைகளின் தலைவாயில் நிலைகளின் மேலும் அவள் குடியேறினாள். கல்லிலும் காசிலும் மரத்திலும் இவ்வாறு பழகிப்போன வடிவம் ஆதலாலேதான், உள்ளங்கை அகலமுள்ள ஒரு பித்தளைத் தகட்டில், முகம் ஒரு நெல்மணியளவே இருந்தபோதிலும், எவரும் அவளை ஐயமின்றி அடையாளம் காண்கிறார்கள்.

விளக்குக்கும் பெண்ணுருவுக்கும் உள்ள உறவோ இன்னும் ஆழமானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரசியின் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நிற்கிறது. முல்லைப்பாட்டின் தலைவி கணவன் வரவை நோக்கித் துயருற்றிருக்கும் எழுநிலை மாடத்திலும் பாவை விளக்கே எரிகிறது. பெரும்பாணாற்றுப்படையில் யவனருடைய அன்ன விளக்கு ஓர் உவமையாக வருகிறது. இன்று நம் குத்துவிளக்கின் உச்சியில் அமர்ந்திருக்கும் அன்னப்பறவையை நோக்கும்போதெல்லாம் அவ்வடிகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கடல் கடந்து வந்தவரின் கைவேலையாகச் சங்கப் புலவர் வியந்து சொன்ன பொருள், பிற்காலத்தில் முற்றிலும் நம்முடையதாகி, தீபலக்ஷ்மி என்னும் திருப்பெயரையும் பெற்று, கோயில்களில் சுவாமி சந்நிதிக்கு எதிரே அகல் ஏந்தி நிற்கும் பெண்ணாக நிலைபெற்றது. சுசீந்திரத்திலும் திருவனந்தபுரத்திலும் பிராகாரத் தூண்தோறும் அவளைக் கல்லில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வரிசையின் நடுவே மாலை வேளையில் நடந்து செல்வது, ஒளி ஏந்திய மகளிர் திருக்கூட்டத்தின் நடுவே நடப்பது போன்ற அநுபவம்.

விளக்கெரிப்பதற்கென்று சோழர் காலத்தில் வகுத்திருந்த ஏற்பாட்டை இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நந்தா விளக்கு ஒன்றுக்கு, பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டு, அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர் என்று கல்லில் வெட்டுவித்தார்கள். கிழடு தட்டியதையும் இறந்ததையும் குட்டிகளால் ஈடு செய்து தொகை குன்றாமல் காக்க வேண்டும் என்பதனால், அவை சாவா மூவாப் பேராடுகள் என்று பெயர் பெற்றன. அவ்விளக்குகளின் தண்டும் தட்டும் எந்த உலோகம், எத்தனை நிறை என்பனவும் பல சாசனங்களில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டின் தொகையையும் நெய்யின் அளவையும் இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்து வைத்த அந்நாளில், சுடரைத் தாங்கும் பொருளும் சுடரைப்போலவே மதிக்கப்பட்டது.

பாவை விளக்குகளுள், என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில் உள்ள பித்தளைப் பாவை. தஞ்சை மராட்டிய அரசர் அமரசிம்மர் 1798-இல் அரசு நீங்கிய பின் அவ்வூரில் வந்து வாழ்ந்தார். அவருடைய வம்சத்தைச் சார்ந்த பிரதாபசிம்மரை, அவருடைய மாமன் மகளாகிய அம்மணி என்னும் பெண்மணி விரும்பி, அத்திருமணம் கைகூடினால் லக்ஷ தீபம் ஏற்றுவதாக மகாலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டாள். எண்ணம் நிறைவேறியது. 1853-ஆம் ஆண்டில் அவள் லக்ஷ தீபம் ஏற்றி, அவற்றுள் ஒரு தீபமாகத் தன் உருவத்தையே வார்ப்பித்துச் சந்நிதியில் வைத்தாள் என்பதனை அப்பாவையின் தமிழ்ச் சாசனம் கூறுகிறது. நகைகளும் புடவைக் கட்டும் அக்காலத்து அரச குலப் பெண்ணுடையவை. நிற்கும் நிலையும் அகல் ஏந்திய கைகளும் தீபலக்ஷ்மியினுடையவை. மனிதப் பெண் எங்கே முடிகிறாள், தேவி எங்கே தொடங்குகிறாள் என்று பிரித்துச் சொல்ல இயலாத அந்த உருவத்தைக் காட்டிலும், பித்தளை என்னும் எளிய உலோகத்தில் செய்த உயர்ந்த படைப்பு ஒன்றை நான் அறியேன்.

எளிய உலோகம் என்றேன். அதன் வரலாறு எளியதன்று. செம்பும் துத்தநாகமும் கூடியது பித்தளை, செம்பும் வெள்ளீயமும் கூடியது வெண்கலம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. ஆனால் துத்தநாகத்தைத் தனியே பிரித்தெடுப்பது உலோகத் தொழிலின் கடினமான காரியங்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. ஏனெனில், அதன் மூலப்பொருளிலிருந்து உலோகம் பிரியும் வெப்பம், துத்தநாகம் ஆவியாகும் 907 பாகையைவிட மிகுதியாதலால், பிரிந்த துத்தநாகம் உடனே ஆவியாகிக் காற்றோடு கலந்து வெண்பொடியாகிவிடும். ஆகவே பழைய நாளில் துத்தநாக மண்ணையும் கரியையும் செம்புத் துண்டுகளோடு மூடிய மூசையில் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைச் செம்பே உட்கொள்ளும்படி செய்தார்கள். அம்முறையால் செம்பில் ஏறும் துத்தநாகம் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் செல்வதில்லை. ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகேயுள்ள ஜாவர் சுரங்கத்தார், களிமண் குடுவைகளைத் தலைகீழாய் அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரச் செய்யும் உபாயத்தைக் கண்டு, ஐரோப்பியர் அத்தொழிலை அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துத்தநாகத்தைப் பெருமளவில் வடித்தார்கள். பின்னர், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் சீனத்துத் துத்தநாகத்தைச் சோழமண்டலக் கரையில் கொண்டுவந்து இறக்கின. சோழர் காலத்துத் திருமேனிகள் செம்பு மிகுந்த கலவையால் ஆகியிருக்க, நாயக்கர், மராட்டியர் காலத்து விளக்குகளிலும் வீட்டுச் சாமான்களிலும் மஞ்சள் நிறப் பித்தளை மிகுந்து வருவதற்கு, இவ்வணிகம் ஒரு முக்கிய காரணம் என்று கருத இடமிருக்கிறது. பொன்னின் நிறம் பொன்னின் விலையின்றிக் கிடைத்தது. உருகிய நிலையில் நன்றாக ஓடி, அச்சின் நுண்ணிய வரிகளிலும் புகுந்து நிரம்பியது. கடைசலுக்கும் உளிக்கும் இணங்கியது. திருமகளை ஏழை வீட்டுக்கு அழைத்துவர இதனினும் ஏற்ற உலோகம் வேறில்லை.

அழைத்து வந்தவர்கள், பித்தளையும் வெண்கலமும் வார்க்கும் கன்னார். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் கஞ்சகாரரும் செம்பு செய்பவரும் வெவ்வேறாகச் சொல்லப்பட்டிருப்பதால், அக்காலத்திலேயே உலோகத்துக்கு உலோகம் தொழிலாளர் பிரிந்திருந்தனர் என்பது தெரிகிறது. கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே, திருவாரூர் செல்லும் சாலையில், திருநறையூர் என்னும் பழம்பெயர் கொண்ட நாச்சியார்கோயில், இன்று குத்துவிளக்குக்குப் பெயர்போன ஊர். அத்தலத்தில் வஞ்சுளவல்லித் தாயாருக்கே முதன்மை. வீதியுலாவிலும் பெருமாளுக்கு முன்னே நாச்சியார் எழுந்தருளுவது வழக்கம். தேவியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் தேவி விளக்குகளின் ஊராகவும் ஆனது ஒரு நல்ல பொருத்தம். அங்கு விளக்கு வார்க்கும் பத்தர்கள், தங்கள் முன்னோர் நாகர்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றும், காவிரிப் படுகையின் வண்டல் மண் வார்ப்புக்கு ஏற்றதாக வாய்த்ததனால் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. மண்ணின் நயத்தை அவ்வண்டலைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தவர் அறிவர். ரேகையும் அதில் பதியும்.

விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் உள்ள பிரபை ஆகிய பகுதிகளைத் தனித்தனியே மண்ணச்சில் வார்த்து, கடைசல் பிடித்து, அரத்தால் ராவி, மரையிட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பது வழக்கம். உலைமுகத்தில் மூசையை எடுத்துச் சாய்க்கும்போது பித்தளையிலிருந்து வெண்புகை கிளம்பும். அது துத்தநாகம் எரிந்த புகை. அதனை மிகுதியாகச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் கண்டு, மறுநாள் தணியும். அடுத்த நாளும் அவர் உலைக்கு வர வேண்டியவரே. நம் மாடத்தில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் லக்ஷ்மியின் பின்னே இக்காய்ச்சலும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

பாவை விளக்கும், பிரபையில் அமைக்கும் நுண்ணிய தேவி உருவங்களும் மெழுகு வார்ப்பில் செய்யப்படும்போது வேலை வேறு தரத்தது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயோடு காய்ச்சிச் சேர்த்து, அதில் உருவத்தை முழுமையாகச் செய்து, வண்டல் மண்ணை மெல்லிதாக முதலில் பூசி, உலர்ந்தபின் கனமான பூச்சுகளை மேன்மேலும் இட்டு, கம்பியால் கட்டி, சூட்டில் மெழுகை வடித்து நீக்கி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் அளவெடுக்கத் தென்னங்கீற்றின் ஓலையையே கோலாகக் கொண்டு, உருவத்தின் உயரத்துக்கு ஒத்த ஓலையை மடித்து மடித்துத் தாளமும் அங்குலமும் வகுப்பதைக் காணலாம். சிற்ப சாஸ்திரம், முகத்தின் அளவாகிய தாளம் பத்துக் கொண்ட தசதாளத்தில் உத்தமம் 124 அங்குலம், மத்தியமம் 120, அதமம் 116 என்று மூன்று வகுத்து, உமை, சரஸ்வதி, துர்க்கை முதலிய தேவியருக்கு மத்தியமத்தை விதிக்கிறது. அங்குலம் என்பது இங்கே விரற்கடையன்று. அவ்வுருவத்தின் உயரத்திலேயே பிறக்கும் பின்னம். ஆகையால் நாலங்குலத் தேவியும் நாலடித் தேவியும் ஒரே பிரமாணத்தில் அடங்குகிறார்கள். கடைத்தெருவில் இன்று குவிந்துகிடக்கும் உருவங்களில் தலை பெருத்தும் கால் குறுகியும் இருப்பது எதனால் என்று கேட்பவருக்கு, ஓலை மடிக்கத் தெரியாத கை செய்தது என்பதே விடை.

விளக்கோடு இது நிற்கவில்லை. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அரிசியின்மேல் இருத்தும் கரண்டி ஏந்திய அன்னபூரணி, வரலக்ஷ்மி நோன்பில் கலசத்தின்மீது சார்த்தும் அம்மன் முகம், கிராமத்து மாரியம்மனின் கல்லுருவுக்கு அணிவிக்கும் பித்தளை முகக் கவசம், வெற்றிலைப் பெட்டி, குங்குமச் சிமிழ், ஊஞ்சல் சங்கிலியின் கண்ணிகளிடையே நிற்கும் பாவைகள் என்று தேவி இல்லத்தின் எல்லா மூலையிலும் பித்தளையில் வந்து தங்கினாள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் சிறப்புற்ற கலைத்தட்டில், பித்தளைத் தட்டின்மீது வெள்ளியாலும் செம்பாலும் புடைத்தெழுந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் பதிக்கப்பட்டார்கள். அது சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாதலால் கைபடாமல் இருந்தது. மற்றவை யாவும் நாள்தோறும் கைபட்டவை.

கைபட்டவை என்பதில்தான் இக்கலையின் உயிர் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை விளக்கைத் துலக்கி, வெள்ளியன்று பொட்டிட்டுப் பூச்சூட்டி ஏற்றுவது பல இல்லங்களில் சம்பிரதாயம். புளியைக் கரைத்துத் தேய்ப்பதும், சலித்த சாம்பலும் செங்கற்பொடியும் தேங்காய் நாரும் கொண்டு துலக்குவதும் நம் பாட்டிமார் கண்ட ரஸாயனம். புளியிலுள்ள அமிலம் பித்தளையின்மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது. சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிறது. பொடியின் நுண்துகள் மெருகு தருகிறது. ஆயினும் ஒவ்வொரு துலக்கலிலும் அணுவளவு உலோகம் போய்க்கொண்டே இருக்கிறது. நூறாண்டு துலக்கிய விளக்கின் தேவிக்கு மூக்கு மழுங்கி, கண் மறைந்து, யானைகள் இரு சிறு மேடுகளாக நிற்கின்றன. கோயில் உற்சவ மூர்த்திகளுக்கும் அபிஷேகத்தாலும் புளித் தேய்ப்பாலும் இதுவே நேர்ந்து, பல மூர்த்திகளுக்குக் கண்களைப் பிற்காலத்தில் மீண்டும் உளியால் வெட்டியிருக்கிறார்கள். இதைச் சேதம் என்று கொள்வார் கொள்க. தலைமுறை தலைமுறையாகத் தாயும் மகளும் மருமகளும் செய்த சேவையின் எழுத்து அது என்பதே என் துணிபு. ஆனால், சேவை வேறு, அறியாமையால் செய்யும் கேடு வேறு. முன்னதை மதிக்கிற நாம் பின்னதைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கில் எண்ணெயை நாட்கணக்கில் தேங்கவிட்டால், அதிலுள்ள அமிலம் செம்போடு கூடிப் பச்சை நிறப் பிசினாகி மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கத்தியால் சுரண்டுவது கூடாது. வெந்நீரில் சீயக்காயோ அரப்போ கரைத்து ஊறவைத்து, நாரால் மெல்லத் தேய்த்தால் தானே விடும். பிசுக்கு முழுவதும் நீங்கிய பிறகே புளி இட வேண்டும். புளியும் உப்பும் சேர்த்துப் பூசி இரவெல்லாம் ஊறவிடுவோர் உளர், அது பெருந்தவறு. அமிலமும் உப்பும் நெடுநேரம் தங்கினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு, செம்பு மாத்திரம் மேலே நின்று, விளக்கு திட்டுத் திட்டாகச் சிவக்கும். அச்சிவப்பு மேற்பூச்சன்று, உலோகத்தின் புண். துலக்கியவுடன் நல்ல நீரில் பலமுறை அலம்பி, பருத்தித் துணியால் ஒற்றி, வெயிலில் காட்டி, விபூதியையோ சலித்த மெல்லிய சாம்பலையோ உலர்ந்த துணியில் தொட்டுத் துடைத்தால் மெருகு நிற்கும். மஞ்சளும் குங்குமமும் தேவியின் காதோரத்திலும் தாமரை இதழ்களிடையிலும் கட்டிப்போய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பழையதை நீக்கிவிட்டுப் புதியது வைக்க வேண்டும். கம்பி நார் கொண்டு தேய்ப்பது முகத்தையே அழிப்பது.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். முற்காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமே வெடிப்புக் கண்டன. குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அம்மோனியா, தகட்டை இழுத்துச் செய்ததனால் உள்ளே தங்கியிருந்த இறுக்கத்தோடு கூடி அவ்வெடிப்பை விளைத்தது என்பது பின்னர் 1921-இல் தெளிவாக விளக்கப்பட்டது. மண்ணில் வார்த்த விளக்குக்கு இவ்வபாயம் குறைவு; தட்டியும் இழுத்தும் செய்த மெல்லிய தகட்டு வேலைக்கு மிகுதி. அலங்காரத்துக்காக வாங்கும் உருவங்களுக்கு மேலே பூசிவரும் கண்ணாடிப் பூச்சு, கறுக்காமல் காக்கும் என்பது உண்மையே. ஆனால் சுடரேற்றும் விளக்கில் அது சூட்டால் பழுத்து உரிந்துபோகும். ஏற்றும் விளக்குக்குப் பூச்சு வேண்டா.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினாலும், புதையலிலிருந்து எடுத்த பழம்பொருள்களில் மண்ணின் உப்பினாலும், வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும் ஒரு நோய் உண்டு. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில், கிரேவ்லியும் டி. என். ராமசந்திரனும் தென்னாட்டு உலோகப் படிமங்களின் அட்டவணையை 1932-இல் வெளியிட்ட அக்காலத்தை ஒட்டியே, இந்நோய்க்குச் சிகிச்சை செய்யும் ரஸாயனக் கூடமும் அமைந்து, எஸ். பரமசிவன் அப்பணியில் பெரும் புகழ் பெற்றார். வீட்டுப் பொருளில் அத்தகைய பச்சைப் பொடி துடைக்கத் துடைக்க மீண்டும் மீண்டும் பூக்குமானால், புளிக்கு அது அடங்காது. அறிந்தவரிடம் காட்டுவதே முறை.

எவர்சில்வர் வந்த பின் தமிழர் இல்லங்களிலிருந்து வெளியேறிய பித்தளைக்கு அளவில்லை. தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் அண்டாவும் குடமும் எடைக்கு எடை கொடுத்து, அவற்றோடு பாட்டியின் விளக்கையும் அன்னபூரணியையும் தராசில் வைத்தார்கள். ஈயம் பூசுவாரைத் தேடி அலையும் துன்பம் நீங்கியது என்ற வகையில் பாத்திரங்கள் போனதற்கு நியாயம் உண்டு. தேவி உருவங்கள் போனதற்கு நியாயம் இல்லை. உலைக்குச் சென்ற அவ்வுருவங்களுடன், எந்த ஊரில் எந்த மாதிரி வார்த்தார்கள் என்னும் சான்றுகளும் உருகிவிட்டன. இன்று ஒரு கலை வரலாற்றாசிரியர், கொள்ளிடக் கரை விளக்குக்கும் நாஞ்சில் நாட்டு விளக்குக்கும் உள்ள வேற்றுமையை ஆராயப் புகுந்தால், அருங்காட்சியகங்களை விட நம் வீட்டுப் பரண்களிலேயே சான்று தேட வேண்டியிருக்கும்.

ஆதலின் இதைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள பழைய காமாட்சி விளக்கை, பாவை விளக்கை, அன்னபூரணியை எடைக்குப் போடாதீர்கள். அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். சீர் கொண்டுவந்த பெண்ணின் பெயரோ முதலெழுத்தோ, சில வேளை வருஷமோ, புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். பெயர் வெட்டியிராவிட்டால், அது யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டின் முதியவர்களைக் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி அவ்விளக்கோடு வைத்துவிடுங்கள்.